படத்தில் விழாத வலி

விவேக் நகரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டோரீன் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்ச இழுங்க, புடிங்க, ஆடாதீங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வாள். படம் கழுவி வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்று அவளே தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடுவாள். டாக்டருக்கு இதில் உள்ளூரக் கடுப்பு. படத்தில் இல்லாதது உடம்பில் இல்லை என்பதுதான் டோரீனுக்கு வேதம்.

அந்த வேதம் கடைசியில் அவள் தலையிலேயே விடிந்தது. முப்பத்து மூன்று வயதில் இடுப்புக்குக் கீழே வலி ஆரம்பித்தது. வேலை செய்தால் குறையும், படுத்தால் கூடும். விடியற்காலையில் புரண்டு படுக்கவே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதினொரு மணிக்கெல்லாம் ஒன்றும் நடக்காததுபோல் படியேறுவாள். இதை யார் நம்புவார்கள்? அதுவும் கல்யாணமாகாமல் தனியாக இருக்கிறவள் சொன்னால்?

1997-ல் அண்ணன் இராஜமாணிக்கத்தின் மகளுக்குக் கல்யாணம். அவர்கள் குடும்பத்தில் மணப்பெண்ணுக்கு முக்காடு குத்திவிடுவது அத்தை. கோயிலில் கல்யாணப் பூசை காலை ஏழு மணிக்கு. டோரீன் கட்டிலை விட்டு இறங்கவே எட்டரை ஆகிவிட்டது. விருந்து நேரத்தில் நிமிர்ந்த நடையாக வந்து சேர்ந்தாள்.

"சாப்பாட்டுக்கு மட்டும் இடுப்பு சரியாயிடுச்சா?" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார். அத்தோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அவரை விட்டால் அவளுக்கு இந்த ஊரில் வேறு நாதியில்லை.

நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பினாள். மேசையில் படுத்திருப்பவளே ஸ்விட்சையும் அழுத்த முடியாதே! ஆயா லட்சுமம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து, மதியம் ஆளில்லாத நேரத்தில் தன்னையே படம் எடுத்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. அடுத்த வருஷமும் எடுத்தாள், ஒன்றுமில்லை. இப்படியே ஐந்து படங்கள் மெத்தைக்கு அடியில் சேர்ந்தன.

"நல்லா இருக்குன்னு வந்தா யாராச்சும் அழுவாங்களா டோரீனம்மா?" என்றாள் லட்சுமம்மா.

நோய் இல்லையென்று தெரிய வேண்டும் என்றுதான் ஊர் உலகமெல்லாம் வேண்டிக்கொள்ளும். டோரீனோ வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலில், முழங்கால் போட முடியாமல் கடைசி வரிசையில் நின்றபடி, ஏதாவது தெரியட்டும் ஆண்டவரே என்று மன்றாடினாள். போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே நடிக்கிறோமோ?

2002-ல் அங்கே வாரம் ஒருமுறை வர ஆரம்பித்த மூட்டு டாக்டர் சிவசங்கரன், அவள் கொண்டுபோய்க் கொடுத்த படங்களை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேள்வி கேட்டார். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பாக இருக்கும்? நடந்தால் குறைகிறதா?

"இது முதுகெலும்பு மூட்டுல வர்ற வாதம்னு சந்தேகப்படறேன். எலும்பு அரிச்ச பிறகுதான் எக்ஸ்ரேல தெரியும், அதுக்குப் பல வருஷம் ஆகலாம். உள்ள வீக்கம் இருக்கறப்பவே பாக்கணும்னா எம்.ஆர்.ஐ. எடுக்கணும்" என்றார்.

"இது ஆம்பளைங்களுக்குத்தான வரும், சார்?"

"அப்படிச் சொல்லியே எத்தனையோ பொம்பளைங்கள வீட்டுக்கு அனுப்பியாச்சு."

டோரீனுக்குச் சுருக்கென்றது. அனுப்பியவர்களில் அவளும் ஒருத்தி.

ஸ்கேன் சென்டரில் கழுத்துச் சிலுவையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குழாய்க்குள் படுத்தாள். தடதடவென்ற சத்தத்துக்கு நடுவே யாரோ ஒரு பெண், "ஆடாதீங்க மேடம்" என்றாள். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. படம் கெட்டுவிடுமே என்று துடைத்துக்கொள்ளவில்லை.

முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். "இதான் வீக்கம். ரொம்ப வருஷமா இருந்திருக்கும்" என்றார் டாக்டர். மருந்தும் உடற்பயிற்சியும் எழுதினார். அவள் பரிசு விழுந்தவளைப்போல் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய உறையோடு ஆட்டோ பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி விருந்தாளிகளுக்கு எடுக்கும் பீங்கான் கோப்பையில் காபி கொடுத்தாள். அண்ணன் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே தலைகீழாகப் பிடித்தார். டோரீன் அதை நேராக்கினாள்.

"இந்த வெள்ளைதாண்ணா. அன்னைக்கும் இதேதான்."

அவர் வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது.

"இத அன்னைக்கே காட்டியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமாம்மா?"

அன்றைக்குக் காட்ட அவளிடம் எதுவும் இருக்கவில்லை. வலிக்கிறது என்ற அவள் சொல் மட்டும்தான் இருந்தது. காபியைக் குடித்து முடித்து, படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு, "வரேண்ணா" என்று கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆறாவது படத்தையும் மெத்தைக்கு அடியில் வைத்தாள்.