பாதி ரோடு பார்த்த டிரைவிங் மாஸ்டர்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு நாலு கண் வேண்டும் என்றோ, நாற்பது கண் வேண்டும் என்றோ என் சித்தப்பா சொல்வார். எண்ணிக்கை சரியாக நினைவில்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பி அடையாறில் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தேன். ஒரே பியட், ஒரே மாஸ்டர், அதுவும் நான்தான். நாற்பத்தேழு வயதில் ஸ்ட்ரோக் வந்தது. கை, கால் தப்பித்தன. பார்வையில் இடது பாதி போய்விட்டது. மாஸ்டர் உட்காருவதோ இடப்பக்க சீட்டில். சைக்கிள், நடைபாதை, பஸ் ஸ்டாப் கூட்டம் எல்லாம் அவன் பொறுப்பு. அந்த சீட்டில் மறுபடி உட்கார முடியுமா என்பதுதான் என் கவலை. என்னைப் போலப் பாதியாகிப்போனவர்களுக்கு, ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டு நான் ஏன் பல்லைக் கடிக்கிறேன் என்று புரியும்.

எந்தக் கண்?

கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. மூளையில் ஓரிடம் கெட்டதால், எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடது பாதி தெரியாது. இதை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். மைத்துனர் விடாமல் தி.நகரில் ஒரு கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனார். அங்கேயும் கால் மணி நேரம் விளக்கினேன். ஒவ்வொரு கண்ணாக மூடியும் காட்டினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புரியுது சார். இடது பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் பவர் ஏத்திக் குடுத்துடறேன்."

வராத ஊறுகாய்

மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். உப்பு இல்லை, ஊறுகாய் இல்லை, என் இலைக்கு மட்டும் ஓரவஞ்சனையா என்று பரிமாறுகிறவரை இரண்டு தடவை கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். மூன்றாம் தடவை அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாமா, இடது கோடியில ஊறுகாய்க் கடையே வச்சுண்டிருக்கேள். இலையைத் திருப்பிப் போட்டுடட்டுமா?"

கழுத்துப் பயிற்சி

ஆறு மாதத்தில் இடது மேல்மூலை மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது. மீதியைத் தலையைத் திருப்பித்தான் பிடிக்க வேண்டும் என்றார் டாக்டர். சைதாப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு நொடிக்கொரு தரம் இடப்பக்கம் திரும்பிப் பழகினேன். நான் தேடியது பஸ்ஸை. நடுவில் கல்லூரிப் பெண்கள் நின்றது என் குற்றமா? பூக்காரம்மா விடவில்லை: "இன்னா நைனா, வயசு இன்னா ஆவுது உனுக்கு? கயுத்து சுளுக்கிக்கப் போவுது!"

என் பக்கம்

"வண்டி ஓட்டவே கூடாது" என்றார் டாக்டர். "நான் எங்கே ஓட்டப்போகிறேன், பக்கத்தில் உட்காரத்தானே போகிறேன்" என்று வாதாடிவிட்டு வகுப்பைத் தொடங்கினேன். முதலில் வந்தவர் பாங்க்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். நான்காம் நாள் காந்தி நகரில் இடது பக்கம் திரும்பச் சொன்னேன். பாதி திரும்பிய வண்டி சடக்கென்று நின்றது. ஏன் நிறுத்தினீர்கள் என்று எரிந்து விழுந்தேன். தலையைத் திருப்பினால், என் கதவுக்கு ஒரு சாண் தள்ளி, பால் கேன் மாட்டிய சைக்கிள். அதன்மேல் முகம் வெளிறிப்போன பெரியவர். என் காலடியில் மாஸ்டருக்கென்றே இருந்த பிரேக்கை நான் தொடவே இல்லை.

அந்த அம்மாள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொன்னார்: "பரவாயில்லை சார், நீங்க டென்ஷன் ஆகாதீங்கோ. இனிமே உங்க பக்கத்தையும் நானே பாத்துக்கறேன்."

அன்று மாலையே, மீதி வகுப்புகளுக்கு அவரைத் தேனாம்பேட்டையில் வேறொரு ஸ்கூலில் சேர்த்துவிட்டு, காரை விற்கச் சொல்லி புரோக்கரிடம் சாவியைக் கொடுத்தேன்.