இரண்டு பெட்டிகளும் நான்கு தறிகளும்

அருள்முருகன். பிறந்த நாள்: 1986 ஜூன் 14. ஊர்: திருத்தணி, அரக்கோணம் சாலையிலிருந்து பிரியும் நெசவாளர் தெரு. படிப்பு: பன்னிரண்டாம் வகுப்பு. தொழில்: வீட்டின் முன்கட்டில் நான்கு விசைத்தறிகளில் கூலிக்கு லுங்கி நெய்வது. உபதொழில்: காவடிப் பாட்டுகளுக்குக் கீபோர்டில் இசை போட்டுத் தருவது. மனைவி: யோகலட்சுமி. மனைவியின் தம்பி: ஆகாஷ், வயது இருபத்தாறு, அரக்கோணம், அவனுக்கும் அதே உபதொழில். 2024 ஜூன் இரண்டாம் வாரத்தில் ஆகாஷ் ஒரே மாதிரியான இரண்டு யூ.எஸ்.பி. ஒலிப்பெட்டிகளை இணையத்தில் வாங்கி, ஒன்றைத் தன் பாவா, அதாவது அக்காவின் கணவன் அருள்முருகனுக்குக் கொடுத்தான்.

பதிவுக்குரிய செய்திகள் இவ்வளவுதான். அருள்முருகனின் வயிறு எரிந்துகொண்டிருந்தது இவற்றில் எந்த வரியிலும் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் ஒவ்வொரு குழுவும் மினி லாரியில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டு போட்டுக்கொண்டு வரும். போன வருடத்துப் பாட்டைப் போட்டால் பக்கத்து லாரிக்காரன் சிரிப்பான். ஆகையால் ஆனி மாதம் முழுவதும் புதுப் பாட்டுக்குக் கிராக்கி. மணவூர் பிரேமா என்றால் சுற்றுவட்டாரக் காவடிக் குழுக்களுக்கெல்லாம் தெரியும். அவள் குரலுக்கு ஏழு வருடமாக இசை போட்டவன் அருள்முருகன். அவன் கீபோர்டில் வாசித்துப் பதிந்து அனுப்புவான். அவள் அதன்மேல் பாடுவாள். பாட்டின் தொடக்கத்தில் 'இசை: திருத்தணி அருள்முருகன்' என்று அவளே சொல்வாள். லாரியின் ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் மலையடிவாரம் வரை கேட்கும். நெசவுக்கூலி அவனுக்குச் சோறு போட்டது. அவனை நிமிர்ந்து நடக்க வைத்தது அந்த ஒரு வரி.

இரண்டு வருடமாக ஆகாஷும் அதே வேலையைச் செய்கிறான். கற்றுக்கொண்டது கைப்பேசியில் வீடியோ பார்த்து. யாரிடமும் போய் நிற்கவில்லை. மாமியார் வீட்டுக்குப் போனால் அங்கே யாராவது, "நம்ம ஆகாஷ் போட்டது கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்டேன் என்று தலையாட்டுவான். வரும் வழியெல்லாம் அந்தப் பாட்டில் ஒரு குறையைத் தேடிக்கொண்டு வருவான். வீடு வந்து சேரும்வரை கிடைக்காது.

அப்படிப்பட்டவன் கொடுத்த பெட்டி அது. உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம். கீபோர்டிலிருந்து வரும் ஒலியைக் கணினி வாங்கிக்கொள்ளும்படி மாற்றித் தருவது அதன் வேலை. அதுவரை கீபோர்டிலிருந்த பென்டிரைவ் துளையிலேயே பதிந்து வந்தவன், அது பழுதான பிறகுதான் கணினிக்கு மாறினான். முதல் பதிவை ஹெட்போனில் கேட்டபோதே எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தம் நாதஸ்வர ஒலிக்கு நடுவில் பொரிந்தது. பிரேமாவும் அதைக் கேட்டுவிட்டாள்.

"அண்ணா, நடு நடுவுல கரகரன்னுகினே இருக்குதே! யாருனா அப்பளம் பொரிக்கிறாங்களா உங்க வூட்ல?"

"பெட்டி புதுசும்மா. சரி பண்ணி அனுப்பறேன்."

அவன் முறையாகத்தான் தொடங்கினான். வயரை மாற்றினான். வேறு துளையில் செருகினான். பெட்டியிலும் கணினியிலும் பதிவு வேகத்தை ஒரே எண்ணாக வைத்தான். கணினி மூச்சு விட்டுக்கொள்ளும் இடைவெளியைக் கூட்டினான். கைப்பேசி வீடியோக்களில் சொல்வார்களே, அதையெல்லாம் செய்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு கரகரப்பு அப்படியே இருந்தது.

ஆனி அமாவாசை வந்தது. அமாவாசையன்று அந்தத் தெருவில் யாரும் தறி ஓட்டுவதில்லை; சக்கரங்களுக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டி நிறுத்திவிடுவார்கள். வேலை இல்லாத நாள். உட்கார்ந்து கேட்க அதைவிட நல்ல நாள் எது? காலையில் புது வயர் ஒன்றை வாங்கி வந்து பொருத்தி வாசித்தான். ஹெட்போனில் ஒரு பொரிவுகூட இல்லை. மூன்று முறை திருப்பிக் கேட்டான். உடனே பிரேமாவுக்குப் பேசினான்.

"வயருதாம்மா கோளாறு. நாளைக்கு முழுப் பாட்டும் வந்துடும்."

மறுநாள் முழுப் பாட்டும் போனது. கடுகும் சேர்ந்தே போனது.

"இன்னாண்ணா இது, அனுப்பறதுக்கு முன்னாடி கேக்க மாட்டீங்களா?" பிரேமாவின் குரலில் சிரிப்பு இல்லை. "ஆர்.கே.பேட்டை குரூப் அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கேட்டுகினு கீறாங்க. அதுக்குள்ள ஆவலைன்னா நான் ஆகாஷ் தம்பிகிட்ட கேக்கறேன். கோச்சிக்காதீங்க."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் ஒரு மூச்சில் தணிந்துவிடக்கூடியது. இது தணியாமல் உள்ளே நின்று சுற்றியது. இரண்டு பெட்டி வந்தது. நல்லதை அவன் வைத்துக்கொண்டு சொத்தையை எனக்குத் தள்ளிவிட்டான். ஏழு வருடப் பாட்டுக்காரியை ஒரு சொத்தைப் பெட்டியால் பிடுங்கப் பார்க்கிறான். அந்த நினைப்பு வந்த பிறகு அருள்முருகன் வயரையும் துளையையும் சோதிக்கவில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை ஆகாஷ் வந்தான். ஆர்.கே.பேட்டையில் ஒரு பதிவு முடித்துவிட்டுப் போகும் வழியில், அக்காவுக்கு மாம்பழம். தோள்பையைப் பின்னறையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பாவா, பெட்டி எப்படி கீது?"

"ஆங். ஓடுது."

"என்னுது சூப்பரா கீது பாவா. ஒரு சத்தம் இல்ல. தண்ணி மாரி!"

தண்ணி மாரி! அருள்முருகனின் காது மடல் சூடாயிற்று. யோகலட்சுமி தம்பிக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் இருவரும் யாரையோ கேலி செய்து சிரிப்பது கேட்டது. பின்னறையில் அருள்முருகன் தோள்பையின் ஜிப்பைத் திறந்தான். ஆகாஷின் பெட்டியை எடுத்தான். தன் பெட்டியை அந்த இடத்தில் வைத்தான். ஒன்றுக்கொன்று மாற்றுத்தானே, ஒன்றும் குறையவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஜிப்பைச் சத்தமில்லாமல் மூடினான்.

ஆகாஷ் போன பிறகு, விட்ட வேலையைத் தொடர யோகலட்சுமி தறிகளை ஓட்டினாள். அருள்முருகன் நல்ல பெட்டியைப் பொருத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டின் முதல் அடியை வாசித்து முடித்துப் போட்டுக் கேட்டான்.

கடுகு வெடித்தது.

பெட்டியைக் கழற்றி மாட்டினான். மறுபடியும் அதேதான். அதற்கு என்ன பொருள் என்பதை அவன் மனம் ஏற்க மறுத்தது. இதுவும் சொத்தைதான், அவன் வீட்டில் மூன்றாவதாக ஒரு பெட்டி இருக்கிறது, தண்ணி மாரி என்றது பொய். இப்படியே மறுநாள் மாலைவரை நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை யோகலட்சுமி கைப்பேசியை நீட்டினாள். ஒலியைப் பெரிதாக வைத்திருந்தாள்.

"உங்களாண்டதான் பேசணுமாம்."

"பாவா, பெட்டி மாறிப்போச்சு போலகீது!" ஆகாஷின் குரல் உற்சாகமாக இருந்தது. "என்னுதுல அடியில ஒரு ஸ்க்ரூ இருக்காது. ஃப்ளைட்ல வரும்போதே விழுந்துருச்சோ இன்னாவோ. இதுல நாலும் கீது. அவசரத்துல நான்தான் மாத்தி எட்தாந்துட்டேன், சாரி பாவா."

அருள்முருகன் ஒலியைக் குறைக்கப் பொத்தானைத் தேடினான்.

"ஆனா ஒண்ணும் அவசரம் இல்ல. இதுவும் நல்லாதான் வேலை செய்யுது. காலைல ஒரு பாட்டு எடுத்தேன், சின்ன சத்தம்கூட இல்ல. நீங்களே அத வச்சிக்கோங்க. ரெண்டும் ஒண்ணுதான?"

"ஆங். ஒண்ணுதான்."

தன் பெட்டி அரக்கோணத்தில் பாடுகிறது. ஆகாஷின் பெட்டி இங்கே பொரிகிறது. திருடியதற்கு ஒரு திட்டாவது விழுந்திருந்தால் ஓரளவாவது ஆறியிருப்பான். மன்னிப்பு கேட்டவன் அவன்! இனி குற்றம் சொல்ல ஒரு பெட்டிகூட மிச்சமில்லை. இந்த வீட்டில்தான் ஏதோ இருக்கிறது.

யோகலட்சுமி கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவன் பையி ரூம்ல இருக்கும்போது யாரும் உள்ள போவலையே," என்றாள். "உங்களத் தவிர."

"அது..."

"அவன் கேக்க மாட்டான். அறியாப் புள்ள. எனக்கு எல்லாம் தெரியும்." தறிப்பக்கம் திரும்பினாள். "இப்ப நூலு அறுந்துகினு கீது, அப்புறம் வச்சிக்கறேன் உங்கள."

நூல் அறுந்த தறியை அவள் நிறுத்தினாள். முடிச்சுப் போட வசதியாக மற்ற மூன்றையும் நிறுத்தினாள். தறி ஓடுவது அருள்முருகனுக்கு ஒருபோதும் சத்தமாகப் பட்டதில்லை. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே தூங்கியவன். நின்றால்தான் திரும்பிப் பார்ப்பான். இப்போதும் திரும்பிப் பார்த்தான். அமாவாசையன்று பெட்டி சுத்தமாக இருந்ததும், அன்று தெருவே ஓய்ந்து கிடந்ததும் ஒரே நாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்னறைக்கு ஓடி வாசித்தான். சத்தமில்லை.

"யோகா! ஒரு தறிய மட்டும் போடு!"

போட்டாள். கடுகு.

"நிறுத்து!"

சுத்தம்.

"இன்னொருவாட்டி போடு!"

"இன்னா வெளாட்டு இது? தறியா, ட்யூப்லைட்டா?"

கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரகரப்பு நின்றது. தறி மோட்டாருக்குப் போகும் அதே மின்கம்பிதான் பின்னறைக்கும் வருகிறது. மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் சார்ஜர் வழியாக ஏறிப் பெட்டிக்குள் நுழைந்து பாட்டில் வந்து விழுகிறது. சார்ஜர் இல்லாமலே பதிந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் கணினி அணைந்துவிட்டது. அதன் பேட்டரி ஒரு வருடமாகவே ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை.

ஆகாஷின் வீட்டில் தறி கிடையாது. அவன் திறமையில் பாதி அதுதான் என்று அருள்முருகனுக்குத் தோன்றியது. தோன்றியதும் நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. மீதிப் பாதி அங்கேயே இருந்தது.

சனிக்கிழமை காலை அவன் தறிகளுக்கு எதிரே வந்து நின்றான். லுங்கி ஆர்டர் முடிக்க வேண்டிய நாள் அது.

"யோகா, காலைல மட்டும் நிறுத்தறியா? எல்லாத்தையும்?"

"பிரேமா பாட்டுக்கா?"

"ஆமா. நாளைக்குள்ள கொடுக்கலன்னா உன் தம்பிகிட்ட போயிடுவா."

அவள் நூலிலிருந்து கையை எடுத்தாள். "போனா இன்னா? அவனும் நம்ம புள்ளதான?"

அதற்கு அவனிடம் இருந்த பதிலை மனைவியிடம் சொல்ல முடியாது.

"பெட்டிய அவனாண்ட திருப்பிக் குடுங்க," என்றாள் யோகலட்சுமி. "மாத்தினது நான்தான்னு உங்க வாயால சொல்லுங்க. அப்ப நிறுத்தறேன்."

அவன் அங்கேயே நின்றபடி ஆகாஷுக்குப் பேசினான். சொன்னான். ஆகாஷ், "அட, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே பாவா," என்றான். அதுதான் அருள்முருகனால் தாங்க முடியாததாக இருந்தது.

யோகலட்சுமி ஒவ்வொரு தறியாக நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். மதியத்துக்கு முன் பாட்டு மணவூருக்குப் போய்ச் சேர்ந்தது.

"அண்ணா, இப்பதான் பழைய அண்ணன்!" என்றாள் பிரேமா. "இத ஆர்.கே.பேட்டை குரூப்புக்குப் பாடிடறேன். உங்க பேரும் சொல்லிடறேன்."

"ஆகாஷ் எதனா அனுப்பினானா?"

"ஆங், அனுப்பிச்சாரு. நீங்க லேட் பண்ணீங்களேன்னு கேட்டு வச்சேன். அது வேற மெட்டுண்ணா. அத மணவூர் குரூப்புக்குப் பாடறேன். நல்லா கீது, கேட்டுப் பாக்கறீங்களா?"

"வேணாம்மா," என்றான். அவள் அனுப்பினாள். கேட்டான்.

கிருத்திகையன்று இரண்டு லாரிகளும் மலையடிவாரத்துக்கு வந்தன. பிரேமா இரண்டு பாட்டுகளையும் ஒரே நாளில் தன் யூடியூப் பக்கத்தில் ஏற்றினாள். அருள்முருகன் முதலில் திறந்து பார்த்தது ஆகாஷின் பாட்டை; அதன்பின் தினமும் ஒருமுறையாவது அதைத்தான். ஆவணி முதல் தேதி அருள்முருகனின் பாட்டுக்கு 2,116 பார்வைகள். ஆகாஷின் பாட்டுக்கு 2,140.