அக்காவின் இரும்புச் சத்து

போன ஞாயிறு சேலையூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன்... இரண்டாவது முறையாகத் தள்ளிப் போயிருக்கிறது. ஹீமோகுளோபின் ஏறினால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டாராம்.

"மாத்திரையை விடாமத்தான் போடறா மச்சான். ஏறவே மாட்டேங்குது. கம்பெனியை மாத்திப் பாக்கணும்" என்றார் மாமா, அக்காவின் கணவர். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்.

அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு குட்டி மெடிக்கல் ஷாப்பே இருக்கிறது. மாமாவுக்கு மீன் எண்ணெய் கேப்சூல், ஜிம்முக்குப் போகும் மகன் கார்த்திக்குக்கு புரோட்டீன் பவுடர், அக்காவுக்கு இரும்புச் சத்து மாத்திரை.

எனக்கு ஒரு சந்தேகம். ஸ்கூல் விட்டு வரும்போதே தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கி, கட்டுக் கட்டாகக் கீரை வாங்கி வரும் டீச்சர் என் அக்கா. சீரியல் பார்த்துக்கொண்டே ஆய்ந்து முடிப்பாள். அந்த வீட்டிலா இரும்புச் சத்துக்குப் பஞ்சம்?

கீரை மட்டும் போதும் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. மாத்திரை வேண்டியதுதான். ஆனாலும் அந்தக் கீரையெல்லாம் எங்கேதான் போகிறது?

மதியம் முருங்கைக்கீரைப் பொரியல்.

"சுகருக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார்" — மாமா தட்டில் இரண்டு கரண்டி விழுந்தது.

"கோச் நிறைய கிரீன்ஸ் எடுக்கச் சொன்னார்ம்மா" — கார்த்திக் இன்னும் தாராளமாகப் போட்டுக்கொண்டான்.

"நீ என்னடா கொறிக்கிற?" என்று அக்கா எனக்கும் அள்ளி வைத்தாள். நன்றாக இருந்தது, இன்னொரு தடவையும் கேட்டு வாங்கினேன்.

கடைசியாக அக்கா உட்கார்ந்தாள். வாணலியில் கொஞ்சம் தேங்காய்த் துருவல்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலேயே சோற்றைப் போட்டுப் புரட்டி, ரசம் ஊற்றிக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. "ஆபரேஷன் உனக்கா, எங்களுக்கா? முதல்ல உன் தட்டுல எடுத்து வச்சுக்க மாட்டியா?"

"விடுடா. எனக்குத்தான் மாத்திரை இருக்கே..."

"அதான் ஏறலையே! எதுக்கு அதையே விடாம முழுங்கற?" என்றார் மாமா.

அக்கா தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டாள். "இந்த வீட்டுல யாரும் பங்குக்கு வராதது அது ஒண்ணுதாங்க."