வாய்க்கால் சுவரில் சிவப்புக் கோடு

அனுப்பம்பட்டில் ரயிலுக்கு நின்றிருந்தபோது அந்தோணி போன் செய்தார். "ஸ்டெல்லா பூட்டா சார். காலைல நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." ஸ்டெல்லா அவர் மனைவி. "சரிங்க, வரேன்" என்றேன். என்ன சரியோ.

எங்கள் இறால் ஆலையில் ஸ்டெல்லாம்மா கழுவும் பகுதியின் மேற்பார்வையாளர் என்பது இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். வீணாவதைக் குறைக்க வந்த பொறியாளன் நான். கையில் கடிகாரத்தோடு மேசை மேசையாகச் சுற்றிய என்னை முதல் வாரமே பிடித்துக்கொண்டார். "எங்க வீணாவுதுன்னு தெரியணும்னா இங்க இன்னா பாக்குறீங்க? வாய்க்காலாண்ட வாங்க சார்."

கழுவிய தண்ணீர் ஏரிக்குப் போகும் வாய்க்கால் அது. மேசையில் இறாலே இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இறால் கூடைகள் குவிந்து காத்திருந்தன, ஐஸ் உருகியது, மறுபடி ஐஸ், மறுபடி கழுவல். உரிக்கிறவர்கள் கேட்டால் மட்டும் ஒரு கூடை கழுவி அனுப்புவது என்று அவர் மாற்றினார். நான் அதற்கு ஆங்கிலப் பெயர் வைத்துப் படம் போட்டேன். செலவும் குறையும், ஏரியும் கெடாது, இரண்டும் ஒரே வேலை என்று பெரிதாக எழுதியிருந்தேன். அவர் வாய்க்கால் சுவரில் பழைய நீர்மட்டத்துக்குச் சிவப்புக் கோடு போட்டார். சில மாதங்களில் தண்ணீர் அதற்கு நான்கு விரற்கடை கீழே ஓடியது. அன்று அவர் முகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த ஏரியில்தான் அந்தோணி வலை போடுகிறார்.

மிச்சமான தண்ணீரில் இன்னொரு கழுவும் வரிசை ஓட்டலாம் என்றது நிர்வாகம். அதற்குத் திட்டம் எழுதியவன் நானேதான். தண்ணீர் மறுபடி கோட்டைத் தொட்டது. ஸ்டெல்லாம்மா கோபப்படவில்லை. "நாம இன்னாத்த சார் மிச்சம் பண்ணோம்?" என்று மட்டும் கேட்டார். நான் தொப்பியைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மேலிடத்தில் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். ஆர்டர் இருக்கிறது என்றார்கள். இருக்கத்தான் செய்தது.

அடக்கம் முடிந்ததும் அந்தோணி என் கையைப் பிடித்தார். "அந்தக் கோட்டுக்கு நீங்க எதுனா வழி பண்ணுவீங்கன்னு சொல்லினே இருந்தா சார்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஸ்டெல்லாம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கேள்வியும், வேலைக்குப் போகுமுன் வாய்க்காலைப் பார்க்கும் அவருடைய பழக்கமும்தான். இன்று காலையும் போய் நின்றேன். கோடு தண்ணீருக்குள் இருந்தது. சைரன் ஊதியது. உள்ளே போய் இரண்டு வரிசையையும் ஓட்டச் சொன்னேன்.