பாலை நிறுத்தச் சொன்னது யார்

கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு நின்றவன் நான்.

தொண்டைப் புண் ஆறியபின் என் ஏழு வயது மகள் திடீரென்று ஓயாமல் கை கழுவினாள், கண்ணை வெட்டி வெட்டி இழுத்தாள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறது என்றார் டாக்டர். தாய்ப்பால் போதாததால் வந்ததா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

என் அக்காவுக்கு மட்டும் உறுதி. "மூணு மாசத்துல பாலை நிறுத்துனா வேறென்ன ஆகும், ஆத்தா?" என்று என் மனைவியைக் குத்தினாள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மனைவி பூச்சிமருந்தடித்த திராட்சைக் கொடிகளில் வேலை பார்த்தாள். "மருந்து வாடையோட பிள்ளைக்குக் குடுக்காத" என்று நிறுத்தவைத்தவளே அக்காதான். நான் பக்கத்தில் நின்றும் பேசவில்லை. இப்போது மனைவி தன்னால்தான் என்று சோற்றைத் தொடுவதில்லை.

"நிறுத்தச் சொன்னது நீதான்க்கா. இனி இங்கன வந்து அவள ஒரு வார்த்தை சொல்லாத" என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது.

ஆடி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.