சுற்றுலா என்று சொல்லச் சொன்னார்கள்

பாங்காக்கில் மனிதர்கள் நடைபாதையில் நின்று சாப்பிடுகிறார்கள் என்பதுதான் முதலில் என்னைத் திகைக்க வைத்தது. திருச்சியில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இதைச் சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். தோஹாவில், நஜ்மா என்ற பகுதியின் பழைய கட்டடம் ஒன்றில், இருபது வருடம் போலக் குடும்பம் நடத்திவிட்டால் உடம்பு வேறு மாதிரிப் பழகிவிடுகிறது. ஏசி வீட்டிலிருந்து ஏசி கார், காரிலிருந்து நான் ரத்தப் பரிசோதனை செய்யும் ஏசி கிளினிக். இடையில் இருக்கும் வெயில், ஓடிக் கடக்க வேண்டிய ஒன்று. அந்த வெயிலில் நின்றே இருப்பவர்களை நான் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரோடுதான் அன்று பாங்காக் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேர் தோளிலும் முதுகுப்பை.

என் முதுகுப்பை மகள் வாங்கி அனுப்பியது. கனடாவில் படிக்கிறாள். "அம்மா, யூ ஹாவ் நெவர் கான் எனிவேர் அலோன்" என்று ஒவ்வொரு போனிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவரின் வேலை இந்த வருடத்தோடு முடிகிறது, என் விசா அவருடையதோடு கட்டப்பட்டது. திருச்சிக்குத் திரும்பினால் யாருக்கும் நாங்கள் தேவையில்லை, தோஹாவில் இருக்க உரிமையில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருந்த நாட்களில், எங்கேயாவது போய்த் தொலைவோம் என்றுதான் விமானம் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் பழனிவேல். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நான் தமிழில் போன் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அக்கா நம்மூரா?" என்றார். தோஹா தொழில்பேட்டையில் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப். கட்டடங்களுக்கு இரும்புக் குழாய் சாரம் கட்டுகிற வேலை. கம்பெனி திடீரென்று கலாஸ், எல்லாம் முடிந்தது என்று கைவிரித்துவிட்டது. கேம்புக்கு வந்துபோகும் தமிழ் ஏஜென்ட் ஒருவர், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"டைப்பிங் லோயர் பாஸ் பண்ணிருக்கேன்கா. இத்தன வருசம் பைப்பு தூக்குனேன். இப்பதான் அந்தப் படிப்புக்கு ஒரு வேல கெடச்சிருக்கு" என்று விரல்களை விரித்துக் காட்டினார். காய்ப்பு ஏறிய விரல்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

இமிக்ரேஷனில் அதிகாரி என்னிடம், "வேர் ஃப்ரம்?" என்றார். தோஹா என்றேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நோ. இந்தியா" என்று என்னைத் திருத்தினார். அடுத்து பழனிவேல். மனப்பாடம் செய்த பிள்ளையைப் போல, "டூரிஸ்ட், டூரிஸ்ட்" என்று இரண்டு தடவை சொன்னார். வெளியே வந்ததும், "சுற்றுலான்னு சொல்லச் சொன்னாங்கக்கா. இந்தப் பையும் அதுக்காகத்தான் வாங்கச் சொன்னாங்க" என்றார்.

அவரை அழைத்துப்போக மாலையில் கார் வரும், இருக்கும் இடத்தை அனுப்பினால் போதும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அதுவரை என்னோடு இருக்கட்டும் என்று நகருக்குள் கூட்டிப்போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரு தள்ளுவண்டியில் நூடுல்ஸ். கடைக்காரப் பெண் "மூ? மூ?" என்று கேட்டாள். பழனிவேல் அதை மாட்டுச் சத்தம் என்று நினைத்துப் பதறிப்போய், "அய்யய்யோ, மாடு வேணாம்" என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கை?" என்றாள். இவர் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். அவள் அந்தக் கைகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு கைகளில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். 'மூ' என்றால் பன்றி, 'கை' என்றால் கோழி என்று செல்பேசியில் பார்த்துச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நான் தங்கவிருந்த விடுதியில் ஒரு அறையில் எட்டுக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஈரத் துண்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்த பழனிவேல், "அக்கா, இது அச்சு அசல் எங்க கேம்ப்பு. இதுல படுக்கவா இவ்வளவு தூரம் வர்றாங்க?" என்றார். அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால் நாளைக்கே கிளம்பிவிடலாம்.

கீழே வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது கம்பெனி இருக்கும் ஊரைக் கேட்டேன். ஏஜென்ட் அனுப்பிய செய்தியைக் காட்டினார். மே சாட். வரைபடத்தில் தேடினேன். பாங்காக்கிலிருந்து ராத்திரி முழுக்கப் போக வேண்டிய தூரம், நாட்டின் விளிம்பு. அதை ஒட்டி ஓர் ஆறு, அந்தக் கரையில் மியான்மர். கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப்போய், ஆற்றைத் தாண்டவைத்து, அடைத்துப்போட்டு, ஊர் உலகத்தை ஏமாற்றுகிற வேலை வாங்குவார்கள் என்று செய்திகளில் படித்திருந்தேன். அடிப்பார்கள் என்றும் படித்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் உடனே ஏஜென்டைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அந்தக் குரல் எனக்கும் கேட்டது. "பொம்பள பேச்சைக் கேட்டுட்டு நிக்கிறியா? வேணாம்னா இப்பவே சொல்லு, வேற ஆள் லைன்ல இருக்கான்." பழனிவேல், "இல்லண்ணே, போறேண்ணே" என்று வைத்துவிட்டார்.

"தம்பி, ஊருக்குப் போயிடுங்க. டிக்கெட் நான் எடுத்துத் தர்றேன்."

"ஆபீஸ் வேலைன்னு கவிதாகிட்ட சொல்லிட்டேன்கா. அவ தெருவுக்கே சொல்லிட்டா. எம் மக பள்ளிக்கூடத்துல எங்கப்பா கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறாருன்னு சொல்லிருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?" பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, "எல்லா ஊரும் மொதல்ல இப்படித்தான்கா பயமுறுத்தும். தோஹா வந்தன்னைக்கும் ராவெல்லாம் அழுதேன். அப்புறம் பழகிரும்" என்றார்.

கார் வந்தது. ஓட்டுநர் இறங்கியதும் கையை நீட்டி, "பாஸ்போர்ட்" என்றான். பழனிவேல் ஒரு நொடிகூட யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். எனக்கு என் முதல் நாள் நினைவுக்கு வந்தது. தோஹா விமான நிலையத்தில் கணவருடைய கம்பெனி ஆள் இப்படித்தான் கை நீட்டினார், நாங்களும் இப்படித்தான் கொடுத்தோம். விசா கொடுத்த முதலாளி, அதாவது கஃபீல், கையில் பாஸ்போர்ட் போனால்தான் வேலை நிச்சயம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. வளைகுடா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அந்தப் பாடத்தோடுதான் அவர் இங்கே வந்திருந்தார்.

நான் ஓட்டுநரிடம், "வேர் கம்பெனி?" என்று கத்தினேன். "குட், குட்" என்று சிரித்தான். ஓடிப்போய் வரவேற்பறைப் பெண்ணிடம் போலீஸைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஹீ ஸ்டீல்?" என்றாள்.

"நோ!"

"ஹீ ஹிட் யூ?"

"நோ, நோ."

அவள் முகம் கனிந்தது. தம்பியைப் பிரிந்து அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் கையைத் தட்டிக்கொடுத்து, "ஹீ கம் பேக். நோ க்ரை" என்றாள். திரும்பிப் பார்த்தபோது வாசலில் கார் இல்லை.

வாட்ஸப்பில் அன்று பழனிவேலிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. "ஓகே அக்கா." அதன் பிறகு நான் அனுப்பிய எதுவும் அவரைப் போய்ச் சேரவில்லை. மறுநாள் நம் தூதரகத்துக்குப் போன் செய்தேன். பாஸ்போர்ட் எண், அப்பா பெயர், பிறந்த தேதி கேட்டார்கள். பழனிவேல், அறந்தாங்கி, டைப்பிங் லோயர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்ற நாட்களில் எந்தக் கோயிலையும் நான் பார்க்கவில்லை. கட்டிலில் படுத்துக் கிடந்துவிட்டு நஜ்மாவுக்குத் திரும்பினேன்.

இங்கே வந்து சில வாரங்கள் ஆன ஒரு பிற்பகலில் பழனிவேலின் மனைவி கவிதா கூப்பிட்டாள். காருக்குள் ஏறியதும் அவர் என் எண்ணை அவளுக்கு அனுப்பிவைத்திருக்கிறார். "ஒரு அக்கா கூட இருக்காங்க, பயப்படாத" என்று எழுதியிருந்தாராம். அவள் கலெக்டர் ஆபீஸ் வரை அலைந்திருக்கிறாள். கத்தாரில் கேட்டால் வெளியேறிவிட்டார் என்கிறார்கள். தாய்லாந்தில் உள்ளே வந்ததற்குப் பதிவு இருக்கிறது, வெளியே போனதற்கு இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தால், அந்த நாட்டுக்கு அப்படி ஒரு ஆள் வந்ததே தெரியாது.

நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் அழவில்லை. கடைசியில், "அங்க இப்ப மணி என்னக்கா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

செல்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். தோஹா நேரம், ஊர் நேரம், மகளுடைய கனடா நேரம், இன்னும் அழிக்காமல் வைத்திருந்த பாங்காக் நேரம். நான்கும் வெவ்வேறு மணியைக் காட்டின. ஆற்றுக்கு அந்தக் கரையில் நேரம் வேறு.

"சாயங்காலம் ஆயிருக்கும்மா" என்றேன்.

"அப்ப டீ குடிச்சிருப்பாரு" என்றாள் கவிதா.