எல்லை மதகில் ஒரு பிணம்

அம்சம் அக்கா ஒரு கொசுவைக்கூட முழுமனதோடு அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கொலையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கீழ்வேளூர் கடைத்தெருவில் நான் நூல், பட்டன், லைனிங் துணிக் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை வருவாள். வாங்குவது ஒரு ஊக்குப் பாக்கெட், பேசுவது ஏழெட்டுக் கொலை. துணி எடுக்க வந்த மற்றப் பெண்கள் ஜாக்கெட் பிட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார்கள். வியாபாரம் கெடுகிறதே என்று எனக்குக் கோபம் வரும், ஆனாலும் நானும் நின்று கேட்பேன்.

நாற்பத்தாறு வயது. வாய்க்காலின் கடைக்கோடியில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறாள். கணவர் ரெத்தினம் அண்ணன் தங்கமான மனுஷன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைத்து மூடியே வைத்திருப்பவர். வீட்டில் பேச்சுத்துணை இல்லாததால்தானோ என்னவோ, அக்காவின் காதில் எப்போதும் இயர்போன் தொங்கும். களை எடுக்கும்போதும் வரப்பு கட்டும்போதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு யாராவது ஒருவர் எங்கோ நடந்த கொலையை அவளுக்கு விவரித்துக்கொண்டிருப்பார்.

சினிமாக் கொலை மட்டும் அவளுக்கு ஆகாது. "போஸ்டர்லயே தெரிஞ்சிடும் ஃபஹ்மி. பெரிய நடிகர் ஒருத்தர் ரெண்டு சீன்ல வந்து சும்மா டீ குடிச்சிட்டுப் போறார்னா, அவர்தான் கொலைகாரன். டீ குடிக்கவா அவ்ளோ பெரிய ஆளக் கூப்புடுவாங்க?" என்பாள். அடுத்து கோட்டுக்கு வருவாள். "எல்லாப் பயலும் கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வர்றான். நம்ம ஊரு புழுக்கத்துல அதப் போட்டா, கொல்றதுக்கு முன்னாடி இவன் செத்துருவான்."

நான் புத்தகக் கட்சி. ஒரு ஆள்மேல் சந்தேகம் வந்தால் நாலு பக்கம் பின்னால் புரட்டி, அன்றைக்கு அவன் என்ன சொன்னான் என்று பார்த்துவிடலாம். அந்த சுகம் வேறு எதில் இருக்கிறது? அக்காவோ புத்தகத்தைக் கையில் வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறப்பாள். "யாருன்னு தெரிஞ்சிக்கிட்டுப் படிச்சா பதட்டமில்லாம படிக்கலாம்ல?" என்பாள். பதட்டம் வேண்டாம் என்றால் பஞ்சாங்கம் படிக்க வேண்டியதுதானே! இந்த ஒரு விஷயத்தில் நான் அவளை மன்னித்ததே இல்லை.

அவளுக்குப் பிடித்தது பாட்காஸ்ட்தான். கை வேலை நிற்காது. ஆனால் அதிலும் புகார் உண்டு. "கழுத்துல கத்திய வச்ச நேரத்துல நிறுத்திட்டு மெத்தை விளம்பரம் போடுறாங்கடி. பொணத்துக்கு எதுக்கு மெத்தை?" என்று கேட்பாள். ஒருநாள் மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "கொலைகாரன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்னுகூடச் சொல்றாங்க. செத்தவளுக்கு என்ன கொழம்பு புடிக்கும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க." கடைக்கு வர முடியாத நாளில் இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எனக்கு வாய்ஸாக அனுப்பிவிடுவாள்.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவின் வாய்க்காலிலும் வந்தது, எல்லை மதகு வரைக்கும். அதைத் தாண்டவில்லை. மதகின் வாயில் ஆகாயத்தாமரை ஆடு நடக்கலாம் போல அடர்ந்து கிடந்தது. அந்தந்த ஊர்க்காரர்கள் அவரவர் பங்கு வாய்க்காலைத் தூர் எடுப்பதுதான் இங்கே வழக்கம். இந்த மதகோ இரண்டு ஊருக்கும் நடு எல்லையில் நிற்கிறது. "எங்க பங்கு மதகோட முடிஞ்சிருச்சு" என்பார்கள் மேல ஊர்க்காரர்கள். "எங்க பங்கு மதகுக்கு அப்பறந்தான்" என்பார்கள் கீழ ஊர்க்காரர்கள். மதகுக்கு என்று ஒரு ஆள் இல்லை.

அக்கா சம்பாவுக்கு விட்டிருந்த நாற்றங்கால் காய்ந்து வெடிக்க ஆரம்பித்தது. முதலில் விட்ட விதை முளைக்காமலே போய், இது இரண்டாவதாக வாங்கி விட்டது. இதுவும் கருகினால் போகமே போச்சு, குத்தகை நிலமும் அடுத்த வருஷம் கைக்கு வராது. பாசனதாரர் சங்கத் தலைவர் பஞ்சநதத்தைப் பார்க்கும்போதெல்லாம் மன்றாடினாள். அவரிடம் சொந்தமாக ஒரு ஜேசிபி உண்டு. கேட்டால் ஒருநாள் டயர் பஞ்சராக இருக்கும், இன்னொரு நாள் டிரைவரின் மாமியார் செத்திருப்பாள். அந்த மாமியார் அந்த மாதத்தில் இரண்டு தடவை செத்தாள்.

அன்று காலை அக்கா நாற்றங்காலைப் போட்டோ எடுத்து, இரண்டு ஊர் விவசாயிகளும் இருக்கும் வாய்க்கால் குரூப்பில் போட்டாள். மதகைச் சுத்தம் பண்ணுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒரே ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் சொன்னார், அவ்வளவுதான்.

யாராவது பதில் போட மாட்டார்களா என்று குரூப்பைத் திறந்து வைத்தபடி வரப்பில் உட்கார்ந்து பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கதையில் ஒருத்தி கணவனைக் கொன்று சாக்கில் கட்டி ஆற்றில் விடுகிறாள், வருஷக்கணக்காக யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. உடனே என்னிடம் சொல்லியாக வேண்டும். மைக்கை அழுத்திப் பொரிந்து தள்ளிவிட்டாள். திறந்திருந்தது வாய்க்கால் குரூப் என்பதை அவள் கவனிக்கவே இல்லை.

அதில் பேசியிருந்தது இதுதான்: "சரி, புருசனப் போட்டுத் தள்ளியாச்சு. சாக்குல கட்டித் தண்ணிலயும் விட்டாச்சு. அதோட தீந்துருமா? நம்ம வாய்க்கால்ல விட்டா பொணம் எங்க போவும்? எல்லை மதகத் தாண்டாது. அந்த ஆகாயத்தாமரைலதான் மாட்டிக்கிட்டுக் கெடக்கும். ரெண்டு நாள்ல உப்பி மேல வந்துரும். கல்லக் கட்டில்ல விட்டிருக்கணும்! எல்லாம் அவசரம்." அனுப்பிவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கொலைக்குப் போய்விட்டாள்.

காலையில் வாய் செத்துக் கிடந்த குரூப் பற்றிக்கொண்டது. ரெத்தினத்தை நாலைந்து நாளாகக் காணோமே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. அவர் மயிலாடுதுறையில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். அவர்தான் யாரிடமும் எதையும் சொல்லிக்கொண்டு போகிற ஆள் இல்லையே. போனுக்கு சார்ஜ் போடுகிற ஆளும் இல்லை.

கடையில் எனக்குச் சேதி கொண்டுவந்தவள் அக்காவின் ஊரிலிருந்து துணி எடுக்க வரும் ஷோபனா. "அக்கா, ஒங்க கூட்டாளி புருசன முடிச்சிட்டாங்களாம். ஊரே மதகுல நிக்கிது" என்றாள், கண் விரிய. வாய்ஸையும் போட்டுக் காட்டினாள். அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. கடையைப் பூட்டி ஸ்கூட்டியைக் கிளப்பினேன். பாதி வழியில் எனக்கு நிம்மதி வந்துவிட்டது. அம்சம் அக்கா நிஜமாகவே கொன்றிருந்தால் கல்லைக் கட்ட மறந்திருக்க மாட்டாள்.

மதகில் திருவிழாக் கூட்டம். ஜேசிபி எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது! பஞ்சநதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மொள்ள எடுப்பா, மொள்ள. பொணத்து மேல பட்டுறப் போவுது" என்று கத்திக்கொண்டிருந்தார். போலீசுக்குச் சொல்லியாச்சா என்று ஒருவர் கேட்டதற்கு, "இருக்கான்னு பாத்துட்டுச் சொல்வோம்யா. இல்லாமப் போனா நமக்குத்தான் அசிங்கம்" என்றார். வருஷக்கணக்காகப் பங்கு பிரித்துச் சண்டை போட்ட இரண்டு ஊர்க்காரர்களும் நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு ஆகாயத்தாமரையைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். ஒரு சுண்டல்காரர் சைக்கிளை நிறுத்தி வியாபாரத்தையும் தொடங்கிவிட்டார்.

"கொலைகாரன் கண்டிப்பா எடத்தப் பாக்க வருவான். எல்லாப் படத்துலயும் வருவான்" என்று கரையில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அம்சம் அக்கா வரப்பில் வந்து ஏறினாள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அக்கா மதகைப் பார்த்தாள், ஜேசிபியைப் பார்த்தாள். முகம் மலர்ந்து கண் கலங்கிவிட்டது. "போட்டாவப் பாத்துட்டு வந்துட்டீங்களா? நீங்கள்லாம் நல்லா இருக்கணும்" என்று எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். "அடி ஆத்தி, என்னா நெஞ்சழுத்தம்!" என்று ஒரு அம்மாள் மார்பில் கைவைத்துக்கொண்டாள்.

நான் அவளைத் தனியே இழுத்து, போனை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இப்பவே சொல்லிடுக்கா, அடிக்கப் போறாங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. மதகைத் திரும்பிப் பார்த்தாள். "இருடி. இன்னும் பாதி கெடக்கு. எடுக்கட்டும்" என்றாள்.

பஞ்சநதம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "எங்கம்மா போட்ட?"

"நான் ஒண்ணும் போடலிங்க தலைவரே. ஆனா அந்த மூலைலதான் அடப்பு ஜாஸ்தி. நல்லாப் பாத்துருங்க."

ஜேசிபி மூலைக்குத் திரும்பியது. நான் மரத்துக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் ரெத்தினம் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி, பலகாரப் பையோடு கரைக்கு வந்தார். நான் பார்ப்பதற்குள், பையை வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரில் இறங்கி இழுக்கத் தொடங்கிவிட்டார். ஊர் ஒன்று சேர்ந்து வேலை செய்தால் அவரும் செய்வார், காரணம் கேட்க மாட்டார். எல்லோர் தலையிலும் தழையும் சேறுமாகக் கிடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார்: "என்ன தேடுறீங்க?"

"பொணம்."

"யாரு செத்தது?"

"நம்ம ரெத்தினந்தான்."

"அடப் பாவமே. எந்த ரெத்தினம்?"

பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்துப் போட்ட அலறலில் கரையில் இருந்தவர்கள்கூடச் சிதறி ஓடினார்கள். சுண்டல் கூடை கவிழ்ந்தது. அதே சமயம் ஜேசிபி மூலையில் இருந்த கடைசிக் கொத்தைப் புரட்டித் தூக்கியது. தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் மதகில் பாய்ந்து கீழ்ப்பக்கம் ஓடியது.

பஞ்சநதம் கோபத்தில் அக்காவிடம் பாய்ந்தார். "ரெண்டு ஊரையும் கிறுக்கு புடிச்ச மாதிரி ஆக்கிட்டியேம்மா! இது நியாயமா?"

"தப்புதாங்க. ஃபஹ்மிக்கு அனுப்புனது மாறிப் போச்சு" என்றாள் அக்கா. பிறகு குரல் உடைந்தது. "ஆனா காலைல போட்டா போட்டேன்ல தலைவரே. உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குற நாத்து. அதுக்கு ஒருத்தரும் வரலியே. செத்துட்டான்னதும் ஜேசிபில்ல வந்துச்சு."

பஞ்சநதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மதகுப் பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

அக்கா அதற்கெல்லாம் நிற்கவில்லை. தண்ணீரோடு போட்டி போட்டுக்கொண்டு கரையில் ஓடினாள். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நாங்கள் போய்ச் சேரும்போது தண்ணீர் நாற்றங்காலுக்குள் நுழைந்து வெடிப்புகளில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வரப்பில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள், அழுகைக்கு நடுவே சிரித்தாள். இவ்வளவு சந்தோஷமாக ஒரு பெண்ணை நான் கண்டதில்லை.

ரெத்தினம் அண்ணன் தலையில் ஒட்டிய தழையோடு, பலகாரப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடந்ததையெல்லாம் வழியில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"அடுத்த மொறையும் தண்ணி வரலன்னா சொல்லு. நான் தங்கச்சி ஊட்டுக்குப் போயிக்கிறேன்."